சம்பந்தியும் நானும் கோல்ட் கோஸ்ட்டில் மிச்சம் பிடித்த கதை

நார்த்மீட்,
மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை ரஞ்சினிக்கு,

இங்கே நான் நலம். முழங்கால்கள் இரண்டும் அவற்றின் வயதுக்கேற்ற நலம். ரொறன்ரோவில் நீயும் விக்னராஜாவும் மகள் யாமினியும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான நலத்தோடு இருக்கவேண்டும் என்று முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே பனி எவ்வளவு உயரம் என்று கேட்க மாட்டேன். கேட்டால் படம் அனுப்புவாய்.

இந்தக் காலத்தில் அக்கா ஏன் தாளில் எழுதித் தபாலில் போடுகிறாள் என்று யோசிப்பாய். உனக்கு மட்டும் என்று நினைத்து நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூலநோய் மருந்தின் பெயர் நாற்பத்தொரு பேர் இருக்கிற குடும்பக் குழுவில் போய் விழுந்ததும், அதற்கு லண்டன் பெரியப்பாவின் மகன் கும்பிடுகிற கை போட்டதும் உனக்கு மறந்திருக்காது. இப்போது எழுதப்போவது அதைவிடப் பெரிய விசயம்.

ஜூன் மாதம் யாமினியின் மாமியாரோடு லாஸ் வேகாஸ் போகப் போவதாகவும், நான் என் சம்பந்தியோடு கோல்ட் கோஸ்ட் போய்ச் செலவே இல்லாமல் வந்ததாகக் கேள்விப்பட்டதாகவும், காசு மிச்சம் பிடித்த வழிகளை ஒளிக்காமல் எழுதும்படியும் கேட்டிருந்தாய். கோல்ட் கோஸ்ட்டும் உங்கள் லாஸ் வேகாஸ் மாதிரித்தான், பாலைவனத்துக்குப் பதிலாகக் கடல். சிட்னியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். கசினோவும் வானம் முட்டுகிற ஹொட்டல்களும் வரிசையாக நிற்கும், காற்சட்டை மட்டும் போட்ட மனிதர்கள் வங்கிக்குள்ளும் போய் வருவார்கள். ஒளிக்காமல் எழுதுகிறேன். வாசித்தபின் விக்னராஜாவின் கையில் கொடுக்காதே.

முதலில் என் சம்பந்தி சந்திரகலாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னர் என் மகன் சுஜீதன் பிரவீணாவைக் கலியாணம் கட்டியபோது உனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை என்று நீ வரவில்லை, ஆகவே அவரைப் பார்த்ததில்லை. பிரவீணாவின் தாய், கோயம்புத்தூர்க்காரி. அங்கே ஒரு கூட்டுறவு வங்கியில் முப்பத்தொரு வருடம் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்தவர். கணவர் பழனிசாமி மோட்டார் பம்ப் பட்டறையை விட்டு அசையமாட்டாராம், ஆகவே இவர் மட்டும் கெல்லிவில்லில் இருக்கும் மகன் பாலாவின் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறார். சிறிய உருவம், பெரிய கைப்பை. எழுத்து என்று எதைக் கொடுத்தாலும், சவர்க்காரப் பெட்டியானாலும், கடைசி வரி வரைக்கும் வாசித்த பிறகே கீழே வைப்பார்.

எனக்கும் அவருக்கும் அப்போது மூன்று மாதமாகப் பேச்சில்லை. பிரவீணாவுக்கு இது ஆறாம் மாதம், அதுதான் காரணம். பிள்ளைப்பேறு தாய்வீட்டில்தான், கெல்லிவில்லில்தான் என்று அவர் சொன்னார். வழக்கம் எங்களுக்கும் அதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து ஏழு நிமிடம், அவருடைய வீட்டிலிருந்து அரைமணித்தியாலம், வீதியில் நெரிசல் என்றால் கடவுள்தான் துணை என்று சொன்னேன். "தூரம் பார்த்தா நீங்க ஆஸ்பத்திரி வாசல்லயே குடியிருக்கணுமுங்க" என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு பிரவீணாவின் வளைகாப்புப் பேச்சுக்கூட லிட்கம்மில் பிள்ளைகள் இரண்டும் வாடகைக்கு இருக்கிற வீட்டின் வழியாகத்தான் போய் வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் தைப்பூசத்துக்கு அடுத்த நாள் சுஜீதன் ஒரு கடித உறையோடு வந்தான். எனக்கும் சம்பந்திக்கும் கோல்ட் கோஸ்ட் போய்வர விமான ரிக்கெற், மூன்று இரவு ஹொட்டலுக்கு அறுநூறு டொலர். "ரெண்டு அம்மாவும் போயிட்டு வாங்கோ. ப்ளீஸ் அம்மா, ஜஸ்ட் கோ" என்றான். ஏன் என்று கேட்டேன். "ஏன் எண்டு கேக்காதேங்கோ" என்றான். ஏன் என்று கேட்காமல் நான் எதற்கும் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் போகமாட்டேன் என்று நான் சொல்லி அங்கே சந்திரகலா ஓம் என்று சொல்லிவிட்டால் குற்றவாளி நானாகிவிடுவேன். அங்கேயும் இதே யோசனைதான் ஓடியிருக்கிறது. இரண்டு பேரும் போனோம்.

அறுநூறு டொலரையும் செலவழிக்காமல் திருப்பிப் பிள்ளைகளின் கையில் வைக்கவேண்டும் என்று நான் மனதுக்குள் நினைத்திருந்தேன். சம்பந்தியும் தன் மனதுக்குள் அதையே நினைத்திருக்கிறார். எனக்கு நினைக்க மட்டும்தான் தெரியும், அவருக்குச் செய்யத் தெரியும். பள்ளிக்கூடம் தொடங்கியபின் மாசிமாத நடுவில், ஞாயிறு முதல் புதன் வரை என்றால் கசினோப் பக்கத்து ஹொட்டல்கள் காற்று வாங்கும், விலையும் இறங்கும் என்று கண்டுபிடித்தார். அதற்குள்ளும் தோண்டி, கசினோவிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு ரிசோர்ட்டில் மூன்று இரவும் சேர்த்துத் தொண்ணூற்றொன்பது டொலர் என்று ஒரு சலுகையை எடுத்தார். மூன்று மாதத்துக்குப் பின் முதல்முறையாக என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"ஏனுங்க சம்மந்தி, ஒரே ஒரு கண்டிஷனுங்க. ஒன்றரை மணி நேரம் அவங்க மீட்டிங்ல உக்காரணும். பார்ட்னர் ரெண்டு பேரும் கட்டாயம் வரணும்னு போட்டிருக்கு. உங்க பேரைப் போட்டுட்டேனுங்க."

"ஓம் ஓம், போடுங்கோ. ரெண்டு பேர்தானே போறம்" என்றேன்.

ரஞ்சினி, அந்த 'பார்ட்னர்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள். நாங்கள் வைக்கவில்லை.

போன விதம் சுருக்கமாக: அங்கே பஸ்ஸும் டிராமும் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஐம்பது சதம்தான். விமான நிலையத்திலிருந்து ஹொட்டல் வாசலுக்குக் கிட்டவரை இரண்டு பேருக்கும் ஒரு டொலர். ஐம்பது சதத்துக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்று சாரதியிடம் கேட்டேன். "தெரியாது, எனக்குச் சம்பளம் வருகிறது" என்றார். அது நல்ல பதிலாக எனக்குப் படவில்லை. அடுத்த தரிப்பில் ஏறிய ஒரு மாணவியிடமும் கேட்டேன், அவள் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு "ஸொறி?" என்றாள். சம்பந்தி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "விசாரிச்சா விலையை ஏத்திரப் போறாங்க, சும்மா வாங்க" என்றார். ஹொட்டலில் பையை வைக்கும் நேரம் வரவில்லை என்றதால் டிராமில் ஏறி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்த் திரும்பி வந்தோம். அதுதான் எங்கள் நகர்வலம். அந்த நகரத்தில் எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் கடல் இருக்கிறது, எதற்குப் பின்னால் இன்னொரு கட்டடம் இருக்கிறது என்பது எனக்கு இப்போது பாடம்.

அறைக் கதவைத் திறந்தால் கட்டில் ஒன்றுதான். மிகவும் பெரியது, யானை படுக்கலாம். அதன்மேல் துவாய்களை மடித்து இரண்டு அன்னங்கள் செய்து, கழுத்தும் கழுத்தும் சேர்ந்து இதயம் மாதிரி வர நிறுத்தி, சுற்றிவரச் சிவப்பு ரோசா இதழ் தூவியிருந்தார்கள். ஏதோ பூசை நடந்த இடம்போல இருந்தது. இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம்.

"வாத்துங்களா?" என்றார் சம்பந்தி.

"அன்னம்" என்றேன்.

"எதுவா வேணா இருக்கட்டுமுங்க. குளிக்கிற துண்டு நாலு இருக்கணும், பாத்ரூம்ல ரெண்டுதான் இருக்கு. இதைப் பிரிச்சாத்தான் கணக்கு வரும்."

பிரிக்கவிடவில்லை நான். எப்படி மடித்தார்கள் என்று பார்க்காமல் பிரித்தால் திரும்பச் செய்யமுடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாக அவிழ்த்துப் பார்த்தேன். கழுத்துக்குள் ஒன்றும் வைக்கவில்லை, முறுக்கியதுதான். அரைமணித்தியாலத்தில் நானும் ஒன்று செய்தேன், அது கோழிபோல வந்தது. மூன்று மாதத்துக்குப் பின் சம்பந்தி சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். புதிதாகக் கலியாணம் கட்டியவர்களின் அறையை மாறித் தந்துவிட்டார்கள் போலும் என்று பேசிக்கொண்டோம். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் காசு கேட்பார்கள் என்று கேட்கவில்லை. தலையணைகளை நடுவில் வரிசையாக வைத்து வடமராட்சி, தென்மராட்சி என்று எல்லை பிரித்துக்கொண்டு படுத்தோம்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு கசினோ பார்க்கப் போனோம். எனக்கு எத்தனையோ வருடமாக ஆசை, விளையாட அல்ல, அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க. சம்பந்தி வாசலோடு நின்றுவிட்டார். "நான் கால் வைக்க மாட்டேனுங்க, ஊர்ல தெரிஞ்சா மானம் போயிரும்." ஐந்து நிமிடத்தில் உள்ளே என் பக்கத்தில் நிற்கிறார், வெளியே வெயிலாம். ரஞ்சினி, நான் நினைத்தது ஒன்று, கண்டது ஒன்று. ஆட்கள் துள்ளுவார்கள், கூச்சல் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பார்த்தால் வரிசை வரிசையாக மெசின், அதன் முன்னால் எங்கள் வயதுச் சனம், வீட்டுச் செருப்போடு, மடியில் கைப்பையோடு, முகத்தில் ஒன்றுமே இல்லாமல். ஒரு பெண் தன் மெசினின் பக்கத்தைச் சுரம் காயும் பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தாள். சுவரில் மணிக்கூடு இல்லை, சன்னலும் இல்லை. ஏன் இல்லை என்று காவலரிடம் கேட்டேன். "நேரம் வேண்டுமென்றால் நான் சொல்கிறேன், அம்மா" என்று சொன்னார். அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல, ஆனால் மரியாதையானவர். சம்பந்தி ஒரு தூணருகில் நின்று உதட்டை அசைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாப்பது பேருங்க. கால் மணி நேரமாப் பார்க்கிறேன், ஒருத்தர் சிரிக்கல. அப்படியே எங்க பேங்க் மாதிரி இருக்குதுங்க, பாஸ்புக் ஒண்ணுதான் இல்ல."

ஒரு சதமும் போடவில்லை. இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வந்தோம். தண்ணீர் இலவசம்.

மூன்றாம் நாள் கூட்டம். பத்து மணிக்கு என்றார்கள். குயீன்ஸ்லாந்தில் கோடைக்கு மணிக்கூட்டை நகர்த்துவதில்லை, சிட்னியைவிட ஒரு மணித்தியாலம் பின்னால் நிற்கும். என் கைக்கடிகாரத்துக்கு அது தெரியாது. ஒரு மணித்தியாலம் முந்திப் போய், திறக்காத அறையின் வாசலில் இருந்த பிஸ்கற் தட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்தோம். திறந்தபோது தட்டம் வெறுமையாக இருந்தது, அதைப்பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு வாய்த்தவர் பிறெண்டன் என்ற முப்பத்தைந்து வயதுப் பொடியன். நல்ல பல்லு. வட்ட மேசை, மூன்று கதிரை, ஒரு படிவம். வருடத்தில் ஒரு கிழமை, ஏழு நாள், தங்கும் உரிமையை ஆயுள் முழுக்க விற்பதுதான் அவர்களின் வியாபாரம், அதற்குத்தான் இந்த மலிவு அறை. அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன். சம்பந்திக்கு ஆங்கிலம் முழுக்க விளங்கும், பேசத்தான் கூச்சம், ஆகவே பதில் பெரும்பாலும் நான்தான்.

"நீங்கள் இருவரும் சேர்ந்து எவ்வளவு காலம்?" என்று கேட்டார்.

கலியாணத்தைக் கணக்குப் பார்த்து, இரண்டு வருடம் என்றேன்.

"எவ்வளவு அழகு! எப்படிச் சந்தித்தீர்கள்?"

"பிள்ளைகள் மூலம்."

"ஓ, ஆளுக்கு ஆள் முன்னமே பிள்ளைகள் உண்டா?"

"எனக்கு ஒரு மகன். இவவுக்கு ஒரு மகனும் மகளும்."

"அருமை. பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகிறார்களா? சில குடும்பங்களில் அது கஷ்டம்."

"நல்லா ஒத்துப்போகினம். என்ர மகனும் இவவின்ர மகளும் கலியாணம் கட்டிட்டினம்."

"மகிழ்ச்சி! யாரை?"

"ஒராளை ஒராள்."

பிறெண்டன் பேனையைக் கீழே வைத்தார். அந்த இடைவெளியில்தான் என் சம்பந்தி, இரண்டு நாளாக வெள்ளைக்காரர் எவரோடும் வாய் திறக்காத மனுசி, பெருமை தாங்காமல் முன்னால் சாய்ந்து சொன்னார்: "ப்ரெக்னன்ட் ஆல்ஸோ!"

பிறெண்டன் என்னைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். மெதுவாகத் தண்ணீர் குடித்தார். "இந்த மேசையில் யாரும் யாரையும் குறை சொல்லப் போவதில்லை" என்றார், மிகவும் மரியாதையாக.

அப்போதுதான் ரஞ்சினி, எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. அன்னம், ரோசா இதழ், ஒற்றைக் கட்டில், பார்ட்னர். காது இரண்டும் சுட்டது. நாங்கள் அப்படி இல்லை என்று சொல்லவேண்டும், சொல்ல வாயைத் திறந்தால் 'சம்பந்தி' என்ற உறவுக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைப் பிரிவில் முன்மேசையில் இருந்து எத்தனை நாட்டுச் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள் நான், எனக்கே அன்றுதான் தெரியும். மகனின் மனைவியின் தாய் என்று தொடங்கி நடுவில் நானே குழம்பினேன். தமிழில் சம்பந்தியிடம் மெல்லச் சொன்னேன்: "சந்திரகலா, இவர் எங்களைப் புருசன் பெண்சாதி மாதிரிச் சோடி எண்டு நினைச்சிட்டார். நான் இப்ப உண்மையைச் சொல்லப் போறன்."

அவர் பதறவில்லை. கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தார். "சோடி இல்லைன்னா மூணு நாளைக்கும் முழு வாடகைங்க. எண்ணூத்திப் பத்து டாலர். இதுல கணவன் மனைவின்னு எங்கயும் போடலை. பார்ட்னர்னுதான் போட்டிருக்கு. நாம எதுவும் பொய் சொல்லலீங்களே. கேட்டதுக்கெல்லாம் உண்மையத்தான் சொன்னோம். அவரா ஒண்ணு நினைச்சா அது அவர் பாடு."

முப்பத்தொரு வருடத் தணிக்கைக்கு முன்னால் நான் என்ன சொல்வது? அடுத்த கேள்வியைக் கேட்கும்படி பிறெண்டனுக்குத் தலையை ஆட்டினேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. விற்கிறவர்களுக்கு ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. வாங்க வருகிறவர்களின் மனதைக் கிளறிவிட்டால் கையெழுத்துச் சுலபமாக வரும் என்று யாரோ படித்து எழுதிக் கொடுத்த பட்டியல். பிறெண்டன் சம்பந்தியிடம் கேட்டார், வாழ்க்கையில் செய்ய நினைத்துச் செய்யாமல் போன ஒன்று என்ன என்று. சம்பந்தி மேசையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்:

"கடல்ல நிக்கணுமுங்க. தூத்துக்குடி பிராஞ்சுக்கு ஒருக்கா இன்ஸ்பெக்ஷன் போனேன். மூணு நாள். குடோனுக்குப் பின்னாடியே கடல், சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. ஜன்னல் அந்தப் பக்கம் இல்லீங்க. வேலை முடிஞ்சதும் பஸ் ஏத்தி விட்டுட்டாங்க. அப்புறம் போலாம் போலாம்னு இருபத்தாறு வருஷம் போயிருச்சு."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பிறெண்டன் எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, வரும் ஐந்து வருடத்தில் எது கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்டார். முன்பின் தெரியாத பொடியன் பேனையைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது? எனக்கு ஆங்கிலம் வரவில்லை. உன் அத்தான் சிறி போய் ஆறு வருடத்தில் யாரும் என்னை இப்படி ஒன்று கேட்டதில்லை. சம்பந்தியைப் பார்த்துத் தமிழில் சொல்லிவிட்டேன்: "பிள்ளை பிறந்தாப் பிறகு, கெல்லிவில்லில பெல் அடிச்சு, செருப்பைக் கழட்டி வைச்சு, அரைமணித்தியாலம் பாத்திட்டு வாற விசிற்றரா நான் வந்திடுவன். வேற பயம் எனக்கில்லை."

அவர் மேசையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு, "விசிட்டருங்களா?" என்றார். "நான்தானுங்க விசிட்டர். பாஸ்போர்ட்லயே அடிச்சுக் குடுத்திருக்காங்க. செப்டம்பர்ல விசா முடியுது. குழந்தை ஜூன்ல. மூணு மாசமுங்க எனக்கு. அப்புறம் நான் கோயம்புத்தூர்ல போன்லதான் பார்க்கணும். நீங்க ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவீங்க, காய்ச்சல் வந்தா பக்கத்துல இருப்பீங்க. அந்த மூணு மாசத்தையும் ஏழு நிமிஷம் கிட்டன்னு சொல்லிக் கேட்டீங்களே."

அவருக்கு விசா என்று எனக்குத் தெரியும். அது எப்போது முடியும் என்று கேட்டதில்லை. எதையும் கேட்காமல் விடாத நான், பஸ் சாரதியிடம் ஐம்பது சதத்துக்குக் கணக்குக் கேட்ட நான், அதைக் கேட்டதில்லை. கண்ணீர் வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. நான் அவருடைய கையைப் பிடித்தேன். பிறெண்டன் கண் துடைக்கிற ரிஷூத் தாள் பெட்டியை எங்கள் பக்கம் தள்ளி, "இதற்காகத்தான் விடுமுறை என்பதே இருக்கிறது" என்று சொல்லி, அந்தச் சூட்டோடு விலைத் தாளையும் தள்ளினார். இருபத்தேழாயிரம் டொலர்.

சம்பந்தி மூக்கைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். "ஒப்பந்தத்தை முழுசாக் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

நாற்பத்தாறு பக்கம். ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். வருடாந்தக் கட்டணம் எந்தக் கணக்கில் ஏறும், ஏறாமலிருக்க யார் கையெழுத்திட வேண்டும், நாங்கள் செத்துப்போனால் கட்டணம் பிள்ளைகளின் தலையில் விழுமா, விழாது என்றால் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? நான் மொழிபெயர்த்தேன், நடுநடுவே எனக்குத் தோன்றியதையும் சேர்த்துக் கேட்டேன். பிறெண்டன் தன் மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் தன் மேலாளரைக் கூப்பிட்டார். ஒன்றரை மணித்தியாலக் கூட்டம் மூன்றரை மணித்தியாலம் போனது. பக்கத்து மேசைச் சோடி ஒன்று, வாங்கவிருந்தவர்கள், கதிரையைத் திருப்பி எங்கள் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்ல எழும்பிப் போய்விட்டார்கள். கடைசியில் பெரிய மேலாளர், நீங்கள் வாங்கவேண்டியதில்லை, கடற்கரை நன்றாக இருக்கிறது, போய்வாருங்கள் என்றார். "வந்தோம்னு கையெழுத்து வேணுமுங்க" என்றார் சம்பந்தி. போட்டுக் கொடுத்தார்கள்.

வாசல்வரை வந்த பிறெண்டனிடம் எனக்கு மனம் கேட்கவில்லை. கையெழுத்துக் கைக்கு வந்துவிட்டதால், நிறுத்தி நிறுத்தி, மகன் மகள் என்று விரலால் காட்டி எங்கள் உறவை விளங்கப்படுத்தினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு முன்னமே சந்தேகம்" என்றார். "கணவன் மனைவி இந்த மேசைக்கு வந்தால் அரைமணித்தியாலத்தில் சண்டை தொடங்கிவிடும். நீங்கள் மூன்றரை மணித்தியாலம் ஒரே பக்கம் நின்றீர்கள்."

நேரே கடற்கரைக்குப் போனோம். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே, சுடிதாரை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சம்பந்தி தண்ணீருக்குள் இறங்கினார். முதல் அலை கணுக்கால், இரண்டாவது இடுப்பு. மூன்றாவது எங்கள் இரண்டு பேரையும் இருத்திவிட்டுப் போனது. எழும்பியபோது என்னிடம் ஒரு செருப்பு, அவரிடம் ஒன்றும் இல்லை. வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பாமல் யோசித்தார். "இவ்வளவு உப்பாவாங்க இருக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் அறுபத்துநான்கு வருடத்தில் கேட்டதில்லை, சின்ன வயதிலிருந்தே கடலோடு இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை. "எனக்கும் அதே சந்தேகம்தான்" என்று சொல்லி நானும் நக்கிப் பார்த்தேன்.

ஈரத்தோடு மணலில் இருந்துதான் எல்லாம் பேசி முடித்தோம். பிள்ளைப்பேறு கெல்லிவில்லில். முதல் மூன்று மாதம் சந்திரகலாவின் கையில். நான் தினமும் காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பின்னேரம் திரும்புவது. "பெல் எல்லாம் அடிக்க வேணாமுங்க. பாலாகிட்டச் சொல்லி உங்களுக்கு ஒரு சாவி வெட்டச் சொல்றேன்" என்றார். செப்டம்பருக்குப் பிறகு நார்த்மீட்டில், என் கையில். அவர் ஒவ்வொரு நாளும் காணொளியில் வரும் நேரத்தில் குழந்தையைத் தூங்க வைக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை, அதை அவரே சொல்லி எழுதச் சொன்னார், எழுதினேன். திரும்பி வந்ததும் மீதி நானூற்று எழுபது டொலரையும் பிள்ளைகளின் கையில் வைத்தோம். இரண்டுபேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றியில் வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தோம்.

ஆகவே ரஞ்சினி, நீ கேட்ட ஆலோசனை இதுதான். வார நாளில் போ. டிராம் இருந்தால் அதிலேயே ஏறு. கசினோவில் தண்ணீரை மட்டும் குடி. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போ, ஆனால் படிவத்தில் பார்ட்னர் என்று இருந்தால் யாமினியின் மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவை, அவவுக்கு நெஞ்சு பலவீனம் என்று எழுதியிருந்தாய். இன்னொன்று: சம்பந்தியோடு ஒரே அறையில் மூன்று இரவுக்கு மேல் தங்காதே. நல்ல மனுசிதான், ஆனால் பல்லுத் தீட்டும்போது குழாயை நான் மூடும்வரை வாசலில் நின்று பார்த்தார். மூன்று இரவு அளவானது. நான்காவது என்றால் சினேகிதம் முறியும்.

விக்னராஜாவுக்கு என் அன்பைச் சொல்லு, கதையைச் சொல்லாதே. யாமினிக்கும் அவளுடைய கணவருக்கும் என் ஆசிகள். எல்லாரும் நோயில்லாமல், கடனில்லாமல், ஒருவருக்கொருவர் பேச்சு விடாமல் நெடுங்காலம் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன்மேல் என்றும் பாசமுள்ள அக்கா,
நாகேஸ்வரி

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பிள்ளைகள் இரண்டும் வந்துவிட்டார்கள். சுஜீதனுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்துவிட்டதாம், மே மாதம் போகிறார்களாம், குழந்தை அங்கேதான் பிறக்குமாம். தை மாதமே முடிவான விசயம். இரண்டு அம்மாவும் பேசாமல் இருக்கும்போது சொன்னால் இரண்டு பேரையும் தனித்தனியாகத் தேற்ற எங்களால் ஏலாது, சேர்த்துவிட்டால் ஒராளை ஒராள் தேற்றிக்கொள்வீர்கள் என்றுதான் ரிக்கெற் எடுத்துத் தந்தோம் என்று சுஜீதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கெல்லிவில்லும் இல்லை, நார்த்மீட்டும் இல்லை. சம்பந்தி தனியே இருந்து அழுவாரே என்று பதறிப்போய்த் தொலைபேசி எடுத்தேன். பாலா சொல்லி அவருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னரே தெரிந்திருக்கிறது.

"அழுதாச்சுங்க" என்றார். "இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. அவங்க எடுத்திருக்கிற வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு, ஒரே பெட்ரூம், வாடகை கம்மி. நார்த்மீட் வீட்டை நீங்க வாடகைக்கு விட்டீங்கன்னா அதைக் கட்டி மிச்சமும் நிக்குதுங்க. செப்டம்பர் வரைக்கும் நாம ரெண்டு பேரும் அங்க இருந்துக்கலாம். ரெண்டு தரம் கூட்டிப் பார்த்துட்டேன். என்ன சொல்றீங்க?"

ஓம் என்று சொல்லிவிட்டேன். மே மாதத்துக்குப் பிறகு இந்த முகவரிக்குக் கடிதம் போடாதே.